விற்பனையில் 10 சதவீதம் தருமம்: சுடுமண் நகை செய்யும் வாசகியின் கேள்விக்குச் சட்ட ஆலோசனை

பதில் அளிப்பவர்: கைவினைஞர்கள், சிறு தொழில்கள் தொடர்பான சட்ட, வரி விவகாரங்களைக் கவனிக்கும் வழக்கறிஞர்

கடிதத்தின் சுருக்கம்

டெல்டா மாவட்டம் ஒன்றின் சிறு நகரத்திலிருந்து 38 வயது வாசகி எழுதியிருக்கிறார். ஆறு ஆண்டுகளாக வீட்டுப் பின்கட்டில் சுடுமண் நகை செய்கிறார். ஜிமிக்கி, பதக்கம், கழுத்தணி என்று மாதம் சராசரியாக 64 செட் விற்கிறது. ஒரு செட் சராசரி 500 ரூபாய். விற்பனை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் நடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு கண்காட்சிகளில் ஸ்டால் போடுகிறார். தொடங்கிய நாளிலிருந்தே "ஒவ்வொரு விற்பனையிலும் 10 சதவீதம் ஆதரவற்ற குழந்தைகளுக்கு" என்று பக்கத்தின் தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். சொன்னபடி மாதாமாதம் 5ஆம் தேதி, பக்கத்து ஊரிலுள்ள பெண் குழந்தைகள் இல்லத்துக்கு நேரில் போய் ரொக்கமாகக் கொடுத்து வருகிறார். ரசீது கேட்டதில்லை.

இப்போது நான்கு பக்கமிருந்தும் நெருக்கடி. "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும், கடையை மூடு" என்கிறார் கணவர். "கொடுத்ததை வெளியே சொல்வதே பாவம்" என்கிறார் மாமியார். வாடிக்கையாளர் ஒருவர், இதுவரை கொடுத்ததற்கு ரசீது காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார். சென்ற தீபாவளிக்கு இல்லத்துச் சிறுமிகள் 60 பேருக்கு ஆளுக்கொரு செட் கொடுத்துப் படம் எடுத்துப் போட்டபோது, படத்தை நீக்கச் சொல்லி ஒருவர் கண்டித்திருக்கிறார். இதற்கிடையில் சிங்கப்பூரில் வசிக்கும் வாடிக்கையாளர் ஒருவர், "குழந்தைகளுக்குச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்" என்று நகை விலைக்கு மேல் 25,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். அந்தப் பணம் வாசகியின் கணக்கிலேயே கிடக்கிறது.

அவர் கேட்பவை: 10 சதவீத வாக்கைச் சட்டப்படி மாற்ற முடியுமா? கொடுத்த பணத்துக்கும் நகைகளுக்கும் வரி விலக்கு கிடைக்குமா? எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த அறக்கட்டளை தொடங்க வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு

ஆறு ஆண்டுகள், ஒரு மாதம்கூடத் தவறாமல், பஸ் ஏறிப் போய்க் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் எண்ணத்தில் எந்தக் குறையும் இல்லை. கொடுக்கும் வழியில்தான் சில ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றை அடைக்கப் பணம் அதிகம் தேவையில்லை. ஒரு கணக்கு நோட்டும் இரண்டு மூன்று கடிதங்களும் போதும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். நீங்கள் இதுவரை அளக்காமல் போட்டிருக்கிறீர்கள். அளப்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய விவரப்படி 500 ரூபாய் செட் ஒன்றுக்குக் களிமண்ணும் சூளைக்கான வறட்டியும் உமியும் 35 ரூபாய். பெயின்ட், வார்னிஷ் 40. கொக்கி, வளையம், நூல், மணி 55. அட்டைப்பெட்டியும் குமிழ் உறையும் 30. கூரியர் 70, அதை நீங்களே ஏற்கிறீர்கள். மொத்தம் 230. மீதி 270 ரூபாய் லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த 270 சரியில்லை, மூன்று செலவுகள் விட்டுப்போயிருக்கின்றன.

முதலாவது உடைசல். காயும்போதும் சுடும்போதும் பத்துக்கு இரண்டு விரிசல் விடுகிறது என்று கடிதத்தின் வேறோர் இடத்தில் சொல்கிறீர்கள். அப்படியானால் எட்டு நல்ல செட்டுக்குப் பத்து செட் மண்ணும் எரிபொருளும் செலவாகின்றன: செட்டுக்கு 9 ரூபாய் கூடுதல். இரண்டாவது, கூரியரில் உடைந்து வந்தால் இலவசமாக மாற்றித் தருகிறீர்கள். அது இருபதுக்கு ஒன்று என்கிறீர்கள். 230ஐ இருபதால் வகுத்தால் 12 ரூபாய். மூன்றாவது, இரண்டு கண்காட்சிகளுக்கும் ஸ்டால் வாடகை மொத்தம் 12,000. ஆண்டுக்கு விற்கும் 768 செட்டுகளில் பரப்பினால் செட்டுக்கு 16 ரூபாய். ஆக உண்மையான செலவு 267. கையில் நிற்பது 233.

இந்த 233இலிருந்துதான் 50 ரூபாய் தருமத்துக்குப் போகிறது. வாடிக்கையாளர் பார்வையில் அது பத்தில் ஒரு பங்கு. உங்கள் கையிலிருந்து போவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பிசைவதிலிருந்து பொட்டலம் கட்டுவதுவரை ஒரு செட்டுக்கு 3 மணி நேரம் ஆகிறது என்றால், மிஞ்சும் 183 ரூபாயில் உங்கள் ஒரு மணி நேரக் கூலி 61 ரூபாய். தீபாவளிக்குக் கொடுத்த 60 செட்டுகளையும் சேருங்கள். பெட்டி, கூரியர் இல்லாவிட்டாலும் பொருள் மட்டும் செட்டுக்கு 130 வீதம் 7,800 ரூபாய். உழைப்பு 180 மணி நேரம், ஏறக்குறைய ஒரு முழு மாத வேலை. ஆண்டுக் கணக்கில் நீங்கள் சம்பாதிப்பது சுமார் 1,79,000 ரூபாய், கொடுப்பது 46,200. கால் பங்குக்கும் மேல்.

இரவு ஒரு மணிவரை உட்கார்ந்து பெயின்ட் அடிப்பதாகவும் மணிக்கட்டு வலி விடுவதில்லை என்றும் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். கால் பங்கு கொடுப்பது தவறென்று நான் சொல்லவில்லை. தெரிந்து கொடுத்தால் அது உங்கள் விருப்பம். இவ்வளவு கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் கொடுத்ததால்தான் வீட்டில் இந்தச் சண்டை. உங்கள் கணவர் பணம் குறைவதைச் சரியாகவே கவனித்திருக்கிறார். ஆனால் அவர் சொல்வதுபோல் தொழில் நஷ்டத்தில் ஓடவில்லை. தருமம் போகவும் மாதம் 11,000 ரூபாய் மிஞ்சும் தொழிலை மூடச் சொல்வது தவறான முடிவு. இந்தப் பக்கத்தை அவரிடம் அப்படியே படிக்கக் கொடுங்கள்.

உடைசலைப் பற்றி ஒரு வார்த்தை. பத்துக்கு இரண்டு என்பது அதிகம். ஜிமிக்கிக் குடையின் விளிம்பு மெல்லியதாகவும் உச்சி தடித்தும் இருந்தால், விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும். உச்சி ஈரமாகவே நிற்கும். நடுவில் விரிசல் விழும். வெயிலிலோ மின்விசிறிக் காற்றிலோ காயவைத்தாலும் இதேதான் நடக்கும். சுவர் கனம் எங்கும் ஒரே சீராக, 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். ஈரத்துணி போர்த்தி முதல் நாள், பிறகு நிழலில் நான்கைந்து நாள் வையுங்கள். சூளையில் "பட்" என்று வெடிப்பதற்குக் காரணம் வேறு: உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மண்ணைப் பிளக்கிறது. முதல் ஒன்றரை, இரண்டு மணி நேரம் தணலின் ஓரத்தில் வெதுவெதுப்பாக வைத்துவிட்டு, அதன் பிறகு நெருப்பைக் கூட்டுங்கள். உடைசல் பாதியானாலே மாதத்தில் பல மணி நேர உழைப்பு மிஞ்சும்.

வாக்கை மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் இனி வரும் ஆர்டர்களுக்கு மட்டும்.

இரண்டு வாக்குகளை நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். இல்லத்திடம் "மாதாமாதம் தருகிறேன்" என்று சொன்னது மனம் உவந்து சொன்ன சொல். பதிலுக்கு எதையும் பெறாமல் சொன்ன அதை ஒப்பந்தமாகக் கருதி யாரும் உங்களிடம் வசூலிக்க முடியாது. வாடிக்கையாளரிடம் சொன்னது அப்படியில்லை. "இதில் 10 சதவீதம் குழந்தைகளுக்கு" என்ற வரியைப் படித்துத்தான் சிலர் உங்களிடம் வாங்குகிறார்கள். அந்த வரி விளம்பரத்தின் பகுதி. அது உண்மையாக இல்லாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி தவறான விளம்பரம். பொருளைத் தயாரிப்பவர் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதைச் செய்திருக்கிறீர்கள். செய்ததைக் காட்ட உங்களிடம் ஒரு தாள்கூட இல்லை என்பதுதான் சிக்கல்.

ஆகவே ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் 1ஆம் தேதி என்று வைப்போம். அதற்கு முன் வந்த ஆர்டர்கள் அத்தனைக்கும் பழைய 10 சதவீதத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து முடியுங்கள். பக்கத்தின் தலைப்பிலும் பழைய பதிவுகளிலும் உள்ள வரியை மாற்றுங்கள். ஆறு ஆண்டுப் பதிவுகளையும் திருத்துவது கடினம் என்றால், மேலே நிரந்தரமாக நிற்கும்படி மாற்றத்தைச் சொல்லும் ஒரு பதிவு போடுங்கள். கண்காட்சியில் தொங்கவிடும் பேனரை மறந்துவிடாதீர்கள்.

புதிய வாக்கு எப்படி இருக்க வேண்டும்? சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயில் சொல்லுங்கள் என்பதே என் ஆலோசனை. "விற்பனையில் 10 சதவீதம்" என்றால் கூரியர் கட்டணமும் சேர்த்தா, தள்ளுபடிக்கு முன்பா பின்பா, திருப்பி அனுப்பிய நகைக்கும் உண்டா என்று ஆயிரம் கேள்வி. "லாபத்தில் 10 சதவீதம்" என்றால் லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? "ஒரு செட்டுக்கு 20 ரூபாய்" என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். செட்டுகளை எண்ணினால் கணக்கு முடிந்தது. உங்கள் 233 ரூபாயில் அது ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. மாதம் 1,280, மூன்று மாதத்துக்கு 3,840 ரூபாய். நல்ல மாதத்தில் அதற்கு மேலும் கொடுக்கலாம், அதற்கு விளம்பரம் தேவையில்லை. உங்கள் மாமியார் சொல்வதற்கும் அங்கே இடம் கிடைக்கும்: வாடிக்கையாளர் பெயரில் கொடுப்பதை வெளியே சொல்லித்தான் ஆகவேண்டும், உங்கள் சொந்தத் தருமத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

ரொக்கத்தை நிறுத்துங்கள்

இந்த மாதம் 5ஆம் தேதி போகும்போது பணத்தைக் கையில் கொண்டுபோகாதீர்கள். மூன்று கேள்விகளைக் கொண்டுபோங்கள்.

முதலில், சிறார் நீதிச் சட்டம், 2015இன் 41ஆவது பிரிவின்படி இல்லம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? பதிவுச் சான்றிதழின் நகலைப் பார்க்க வேண்டும். ஆதரவற்ற குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லத்துக்கும், அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், இந்தப் பதிவு கட்டாயம். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது, இல்லத்தை நடத்தும் அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கிறதா? நிர்வாகியின் சொந்தக் கணக்கோ அவருடைய மொபைல் எண்ணுக்கு அனுப்பும் முறையோ கூடாது. மூன்றாவது, வரிசை எண் அச்சிட்ட ரசீது தருவார்களா?

நல்ல இல்லமாக இருந்தால் இந்தக் கேள்விகளால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், தினமும் கேட்கப்படுபவைதான். தயங்கினால், உங்கள் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். பதிவு பெற்ற இல்லங்களின் விவரம் அங்கே இருக்கும். குழந்தைகள் நிலை பற்றிச் சந்தேகமே வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் சொல்லலாம்.

இதுவரை கொடுத்த ரொக்கத்துக்கு என்ன செய்வது? நீங்கள் குறித்து வைத்திருக்கும் தேதி, தொகைகளை ஒரு தாளில் எழுதி, "தங்கள் பதிவேட்டில் உள்ளபடி இவற்றை உறுதிசெய்து கடிதம் தாருங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் பதிவேட்டில் இருந்தால் உறுதிக் கடிதம் கிடைக்கும். வாடிக்கையாளரிடம் காட்ட அது போதும். பதிவேட்டில் இல்லையென்றால், உங்கள் பணம் குழந்தைகள் தட்டுக்குப் போனதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அங்கே கொடுப்பதை அன்றோடு நிறுத்திவிடுங்கள். எக்காரணம் கொண்டும் பழைய தேதி போட்டு இப்போது ரசீது எழுதி வாங்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது பொய் ஆவணம்.

இனிமேல் தருமப் பணத்துக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று. ஞாயிறுதோறும் அந்த வாரம் அனுப்பிய செட்டுகளை எண்ணி, இருபதால் பெருக்கி அதில் போட்டுவிடுங்கள். நோட்டில் ஐந்து கட்டம் போதும்: தேதி, செட் எண்ணிக்கை, தொகை, இல்லத்துக்கு அனுப்பிய தேதி, ரசீது எண். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி வழியாக அனுப்பி, ரசீதைப் படமெடுத்துப் பக்கத்தில் போடுங்கள். இல்லத்தின் பெயரை உங்கள் விளம்பரத்தில் சொல்வதானால் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரி விலக்கு

இதில்தான் உங்கள் எதிர்பார்ப்பு அதிகம், பலனோ குறைவு. 80ஜி என்று எல்லாரும் சொல்வது, நன்கொடையை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் தரும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண் மாறுகிறது. உங்களைப் பொறுத்தவரை எந்த எண்ணும் உதவாது. காரணம் எளிது: உங்கள் வருமானம் ஆண்டுக்கு 1.79 லட்சம். பழைய வரி முறையில் 2.5 லட்சம்வரையும், புதிய முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து 4 லட்சம்வரையும் வரியே இல்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது?

கணவர் பெயரில் ரசீது வாங்கினால் அவருக்குக் குறையுமே என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுத்தது உங்கள் பணம், கழிவு அவருக்கு என்பது சரியல்ல. அவர் தன் சம்பளத்திலிருந்து தனியாகக் கொடுத்தால், அதுவும் பழைய முறையில் வரி கட்டுபவராக இருந்தால் மட்டும் பலன் உண்டு. புதிய முறையில் இந்தக் கழிவு கிடையாது. பழைய முறையிலும் சாதாரண அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதித் தொகைக்குத்தான் கழிவு; அதற்கும் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. நிறுவனம் வருமான வரித் தளத்தில் பதிவேற்றி எடுத்துத் தரும் சான்றிதழும், 10பிஇ என்று அழைக்கப்பட்டு வந்தது, கையில் இருக்க வேண்டும்.

நகைகளாகக் கொடுத்த 60 செட்டுக்கும் கழிவு கிடையாது. பணமாகக் கொடுத்தால்தான் நன்கொடைக் கழிவு; அரிசி, துணி, நகை எதுவானாலும் பொருளுக்கு இல்லை.

மாநிலத்துக்குள் விற்பதற்கு ஜிஎஸ்டி பற்றிப் பயப்படத் தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர்களுக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். உங்கள் விற்பனை 4 லட்சத்தையே தொடவில்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்த 25,000 ரூபாய்

உங்கள் கடிதத்திலேயே அவசரமானது இதுதான், நீங்கள் இதை ஒரு வரியில் எழுதியிருந்தாலும். அந்தப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள். வண்ணம் வாங்கச் சற்றே எடுத்துப் பிறகு போட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். குறிப்பிட்ட காரியத்துக்காக ஒருவர் நம்பி ஒப்படைத்த பணத்தை வேறு வழியில் செலவிடுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 316ஆவது பிரிவில் வரும் நம்பிக்கை மோசடியாகப் பார்க்கப்படலாம்.

அனுப்பியவர் தஞ்சாவூரில் பிறந்து 20 ஆண்டுகளாக அங்கே இருப்பவர் என்கிறீர்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?

இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பிய பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அப்போதும் உங்கள் கணக்கில் வைத்திருக்க வேண்டாம். உடனே இல்லத்தின் கணக்குக்கு அனுப்பி, ரசீதை அவர் பெயரிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

சிங்கப்பூர் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால் கதை வேறு. ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர் வெளிநாட்டவரே. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன்படி, சமூகப் பணிக்காக அவரிடம் பணம் பெற உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ தேவை. உங்களுக்கு அது இல்லை. பெற்று இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேனே என்றாலும் தப்பாது. வெளிநாட்டு நன்கொடையை ஒருவர் பெற்று இன்னொருவருக்குக் கைமாற்றுவதை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் முற்றிலும் தடுத்துவிட்டது. செய்ய வேண்டியது, பணத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புவது. கொடுக்க விரும்பினால், இந்தச் சட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு அவரே நேரடியாக அனுப்பட்டும். அப்படிப்பட்ட நிறுவனங்கள் வெளிநாட்டுப் பணத்தைப் பெறும் கணக்கு பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் இருக்க வேண்டும். வேறு கணக்கு எண் கொடுத்தால் அதுவே எச்சரிக்கை.

அவர் வாங்கிய நகைக்கான விலை இதில் வராது. பொருளுக்கான விலை வழக்கமான வியாபாரம், அதைத் தாராளமாகப் பெறலாம். நீங்கள் செட்டுக்கு 20 ரூபாய் கொடுப்பது உங்கள் வருமானத்திலிருந்து போவது. அதிலும் சிக்கல் இல்லை.

படங்களும் நகைகளும்

கண்டித்தவர் சொன்னது சரி. இன்றே நீக்குங்கள். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மட்டும் மங்கலாக்கினால் போதாது; பின்னால் இல்லத்தின் பெயர்ப்பலகையோ பள்ளிச் சீருடையோ தெரிந்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பியிருந்தால் அங்கேயும் நீக்கச் சொல்லுங்கள். சட்டத்தை விடுங்கள்: பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி நாளைக்குத் தன் வகுப்புத் தோழியின் போனில், இலவச நகையை ஏந்திக்கொண்டு நிற்கும் தன் படத்தைப் பார்க்க வேண்டிவரும். நீங்கள் அதை நினைத்துச் செய்யவில்லை என்று தெரியும்.

நகை கொடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். அறுபது பேருக்கும் ஒரே மாதிரி ஜிமிக்கி செய்திருக்கிறீர்கள். சின்னக் குழந்தைகளின் காதுமடலுக்குச் சுடுமண் கனம். துளை இழுபட்டு நீளும். மலிவான கொக்கிகளில் நிக்கல் கலந்திருக்கும். ஒத்துக்கொள்ளாத தோலில் அரிப்பும் சீழும் வரும். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மணி கோத்த எதையும் தரக் கூடாது, அறுந்து வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து. கொண்டுபோவதற்கு முன் என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் உள்ளாடை, சானிட்டரி நாப்கின், நோட்டு, தலைக்கு எண்ணெய் என்றுதான் பதில் வரும். 7,800 ரூபாய்க்கு அதில் நிறையவே வாங்கலாம்.

உங்கள் கைத்தொழிலைத்தான் கொடுக்க வேண்டும் என்று மனம் சொன்னால், நகையை விடத் தொழிலைக் கொடுங்கள். கண்காணிப்பாளரின் எழுத்து அனுமதியோடு, இல்லத்துப் பணியாளர் ஒருவர் கூடவே இருக்க, பெரிய பெண்கள் பத்துப் பேருக்கு அரை நாள் வகுப்பு. ஆளுக்கு 200 கிராம் வீதம் 2 கிலோ மண் போதும். முதல் வகுப்பில் ஜிமிக்கி வேண்டாம், தட்டையான பதக்கமும் துளையிட்ட மணியும் செய்யச் சொல்லுங்கள். துளை இருந்தால் ஆவி எளிதாக வெளியேறும், வெடிக்கும் வாய்ப்பு குறையும். ஒவ்வொன்றின் பின்புறமும் அவரவர் எழுத்தைக் குச்சியால் கீறச் சொல்லுங்கள், கலந்துபோகாமல் இருக்கும். நெருப்பை இல்லத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். காய்ந்தவற்றை உங்கள் வீட்டில் சுட்டு, பத்து நாள் கழித்து எடுத்துப்போய் அவர்களே வண்ணம் தீட்டட்டும். தான் செய்தது உடைந்துபோன பெண்ணுக்குத் தருவதற்கு நான்கைந்து வெறும் பதக்கங்களைக் கூடுதலாகச் சுட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளை வேண்டாம்

பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, தனி பான் எண் வாங்கி, வருமான வரித் துறையில் பதிவு பெற்று, ஆண்டுதோறும் கணக்கு தாக்கல் செய்து, பதிவைக் காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு 15,000 ரூபாய் கொடுக்க, அதில் பெரும்பகுதியை ஆடிட்டருக்கும் பத்திரச் செலவுக்கும் கொடுப்பதா? தவிர, அறக்கட்டளைப் பணத்தில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு காசு போகக் கூடாது. தொழிலையும் அதையும் ஒரே வீட்டில் நடத்தினால் குழப்பம்தான். உங்கள் தொழிலுக்கு மட்டும், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசுத் தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை.

இந்த வாரம் அனுப்ப வேண்டிய செய்திகள்

ரசீது கேட்ட வாடிக்கையாளருக்கு: "வணக்கம். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. இதுவரை ரொக்கமாக நேரில் கொடுத்து வந்ததால் ரசீது வாங்கவில்லை. இல்லத்தின் பதிவேட்டின்படி உறுதிக் கடிதம் கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் அனுப்புகிறேன். அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் ஒரு செட்டுக்கு 20 ரூபாய் வங்கி வழியாகப் போகும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரசீதைப் பக்கத்தில் போடுவேன்." இதற்கு மேல் விளக்கமோ மன்னிப்போ வேண்டாம்.

சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு: "அக்கா, உங்கள் 25,000 ரூபாய் அப்படியே பத்திரமாக இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட் இந்தியாவுடையதா, சிங்கப்பூருடையதா என்று சொல்லுங்கள். சிங்கப்பூர் என்றால் சட்டப்படி நான் வாங்கிக் கொடுக்க முடியாது, திருப்பி அனுப்பிவிடுகிறேன். நீங்கள் நேரடியாகக் கொடுக்கக்கூடிய பதிவு பெற்ற நிறுவனங்களின் விவரம் விசாரித்துத் தருகிறேன்." இந்தச் செய்தியை இன்றே அனுப்புங்கள். இல்லத்துக்கான கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கி, கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.